மூச்சுவிடும் கலம்

நுழையும்முன்

அடுப்பில் கொதிக்கும் உலைப்பானையை மூடியிட்டு அழுத்திப் பிடித்தால் என்ன ஆகும்? நீராவி மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். மூடியே இல்லாவிட்டாலோ நீர் வற்றும், தூசும் விழும். எனவே, காக்க வேண்டியதைக் காத்து, வெளியேற வேண்டியதை வெளியேற்றும் மூடியே நல்ல மூடி. எளிதாகத் தோன்றும் இவ்வுண்மையை ஒரு மின்கலப் பெட்டியில் நிலைநாட்ட, உலகப் புகழ்பெற்ற அறிவியலறிஞர் ஒருவர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் உழைத்தார். மின்விளக்கால் நாம் அறிந்த தாமஸ் ஆல்வா எடிசனின் வாழ்வில், பலரும் அறியாத அப்பகுதியை இப்பாடம் விளக்குகிறது.

சிந்திய அமிலம்

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள மிலன் என்னும் சிற்றூரில் 1847ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் எடிசன் பிறந்தார். பள்ளிக் கல்வியைச் சில மாதங்களே பெற்ற அவருக்குத் தாயே ஆசிரியரானார். இளமையில் தொடர்வண்டியில் செய்தித்தாளும் தின்பண்டமும் விற்றார். பின்னர்த் தந்தி இயக்குநராக ஊர் ஊராகப் பணியாற்றினார்.

1867ஆம் ஆண்டு, இருபது வயது இளைஞரான எடிசன் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் தந்தி அலுவலகத்தில் பணிபுரிந்துவந்தார். படிக்கவும் ஆய்வு செய்யவும் நேரம் கிடைக்கும் என்பதால் இரவுப் பணியையே அவர் விரும்பிக் கேட்டுப் பெற்றிருந்தார். ஓரிரவு மின்கலத்தை வைத்து ஆய்வு செய்துகொண்டிருந்தபோது கந்தக அமிலம் தரையில் சிந்தியது. அது பலகைகளின் இடுக்கு வழியே ஒழுகி, கீழ்த்தளத்திலிருந்த மேலாளரின் மேசைமீது விழுந்தது. மறுநாள் காலையில் எடிசன் வேலையை இழந்தார்.

கலத்திற்குள் இருக்க வேண்டிய நீர்மம் வெளியே வந்தால் என்ன நேரும் என்பதை அவர் முதன்முதலில் கற்றுக்கொண்ட நிகழ்வு இது. முப்பது ஆண்டுகளுக்குப் பின், அதே சிக்கல் பெருவடிவம் எடுத்து அவர்முன் வந்து நின்றது.

காரீயத்தின் சுமை

மின்னாற்றலைச் சேர்த்துவைத்து, வேண்டும்போது மீட்டுத் தரும் கலத்தைச் சேமக்கலம் என்கிறோம். காரீயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, மீண்டும் மீண்டும் மின்னேற்றம் செய்யத்தக்க கலத்தை 1859இல் பிரெஞ்சு நாட்டு அறிஞர் கஸ்தோன் பிளான்ட்டே உருவாக்கினார். அக்கலம் பயன்மிக்கதாயினும் குறைகளும் உடையது. காரீயம் எடை மிகுந்த உலோகம். அமிலமோ அருகிலுள்ள இரும்பை அரிக்கும். அதனை இட்டுவைத்த கண்ணாடிக் கலங்களும் கெட்டி ரப்பர்க் கலங்களும் அதிர்ச்சியில் உடையும் தன்மையின.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவுற்ற காலத்தில் அமெரிக்க நகரச் சாலைகளில் குதிரை வண்டிகளோடு நீராவி ஊர்தி, பெட்ரோல் ஊர்தி, மின் ஊர்தி ஆகிய மூன்றும் போட்டியிட்டன. மின் ஊர்தி ஓசையின்றி ஓடியது, புகையும் இல்லை. ஆனால், சுமக்க வேண்டிய காரீயத்தின் எடையே அதற்குத் தடையாயிற்று. அமிலமும் காரீயமும் இல்லாத புதிய சேமக்கலம் ஒன்றைப் படைக்க வேண்டும் என எடிசன் உறுதிபூண்டார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. நியூ ஜெர்சி மாநிலத்தின் வெஸ்ட் ஆரஞ்சு நகரில் பெரிய ஆய்வுக்கூடமும் இருந்தது.

ஆயிரக்கணக்கான சோதனைகளுக்குப் பின், நிக்கல் சேர்மத்தை நேர்மின்முனைக்கும் இரும்பை எதிர்மின்முனைக்கும் அவர் தேர்ந்தார். மின்பகுளியாகப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரக் கரைசல் அமைந்தது. இக்காரம் எஃகை அரிப்பதில்லை. ஆகவே, உடையும் கண்ணாடிக்கு மாற்றாக உறுதியான எஃகுப் பெட்டியிலேயே கலத்தை அமைக்க வழி பிறந்தது. 1901இல் எடிசன் சேமக்கல நிறுவனம் தொடங்கப்பட்டது.

கசிந்த பெருமை

புதிய கலங்கள் 1903, 1904ஆம் ஆண்டுகளில் ஊர்திகளில் பயன்பாட்டுக்கு வந்தன. அவை வருமுன்னரே அவற்றின் சிறப்பை எடிசன் செய்தித்தாள்கள் வாயிலாக உலகிற்கு அறிவித்திருந்தார். ஆனால், விரைவிலேயே முறையீடுகள் வரத் தொடங்கின. சில கலங்கள் கொள்திறனை இழந்தன. சிலவற்றின் பெட்டிகள் கசிந்தன.

கசிவுக்குக் காரணம் பெட்டியின் பொருத்துவாய்களில் இருந்தது. எஃகுத் தகடுகளின் விளிம்புகள் பற்றாசு வைத்து இணைக்கப்பட்டிருந்தன. பற்றாசில் உள்ள வெள்ளீயமும் காரீயமும் செறிந்த காரத்தில் மெல்லக் கரைபவை. மேலும், காரக் கரைசல் உலோகப் பரப்பில் ஊர்ந்து ஏறும் இயல்பினது. கண்ணுக்குப் புலப்படாத ஊசித்துளை ஒன்று இருந்தாலும் அதன்வழியே வெளியேறிவிடும். எஃகைத் தொடாத காரம், எஃகைச் சேர்த்த இணைப்பைத் தின்றது.

எடிசன் முன் இரண்டு வழிகள் இருந்தன. குறையை மறைத்து விற்பனையைத் தொடரலாம். அல்லது குறையை ஒப்புக்கொண்டு பணியைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் செய்யலாம். அவர் இரண்டாம் வழியைத் தேர்ந்தார். உற்பத்தி நிறுத்தப்பட்டது. குறையுடைய கலங்களை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவர் ஈட்டிய செல்வத்தில் பெருந்தொகை இம்முயற்சியில் கரைந்தது. உரக்க அறிவித்த பெருமை ஊரறியத் தோற்ற நிலையிலும் அவர் ஆய்வுக்கூடத்தை விட்டு அகலவில்லை.

பற்றவைத்த பெட்டி

அடுத்த ஐந்தாண்டுகளில் கலத்தின் ஒவ்வோர் உறுப்பும் மாற்றம் பெற்றது. முந்தைய கலத்தின் நேர்மின்முனையில் மின் கடத்துவதற்காகக் கிராஃபைட் சேர்க்கப்பட்டிருந்தது. அதனை நீக்கி, மிக மெல்லிய நிக்கல் செதில்கள் பயன்படுத்தப்பட்டன. செம்பையும் நிக்கலையும் மாறிமாறிப் படியவைத்துப் பின் செம்பை மட்டும் கரைத்துவிடும் உத்தியால் அச்செதில்கள் கிடைத்தன. துளையிட்ட சிறு எஃகுக் குழாய்களில் நிக்கல் ஹைட்ராக்சைடும் நிக்கல் செதிலும் அடுக்கடுக்காக நிரப்பப்பட்டன. மின்பகுளியில் லித்தியம் ஹைட்ராக்சைடும் சிறிதளவு சேர்க்கப்பட்டது.

பெட்டியின் அமைப்பும் முற்றிலும் மாறியது. பற்றாசு கைவிடப்பட்டது. நிக்கல் முலாம் பூசிய எஃகுத் தகடுகளின் விளிம்புகளை ஆக்சிஜன், அசிட்டிலீன் சுடரால் உருக்கி ஒன்றாக்கினர். இவ்விணைப்பில் வேற்று உலோகம் இல்லை. காரம் கரைப்பதற்கும் ஏதுமில்லை. மெல்லிய தகடு வளையாதிருக்கப் பெட்டியின் பக்கங்களில் வரிவரியாக மேடு பள்ளங்கள் அமைக்கப்பட்டன. மின்முனைத் தண்டுகள் மூடியைக் கடந்து வெளிவரும் இடங்களில் ரப்பர் வளையங்கள் இறுக்கமாகப் பொருத்தப்பட்டன. அவை கசிவைத் தடுத்தன. எஃகு மூடிக்கு மின்சாரம் பாயாமலும் காத்தன. இறுதியில் மூடியும் பெட்டியோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டது.

மூச்சுவிடும் மூடி

பெட்டியை இவ்வாறு முழுமையாக மூடியதும் மற்றொரு சிக்கல் எழுந்தது. மின்னேற்றம் செய்யும்போது மின்பகுளியில் உள்ள நீரின் ஒரு பகுதி பிரிகை அடைகிறது. நிக்கல் முனையில் ஆக்சிஜனும் இரும்பு முனையில் ஹைட்ரஜனும் குமிழிகளாக எழும்புகின்றன. வழியின்றி அடைபட்ட வளி, நாளடைவில் பெட்டியையே பிளக்கும். ஆதலின் வளி வெளியேறத் திறப்பு வேண்டும்.

ஆனால், வெறும் துளை ஒன்றை இட்டுவிட்டால் போதாது. அதற்கு மூன்று காரணங்கள் உள்ளன. முதலாவது, குமிழிகள் உடையும்போது காரத் திவலைகளும் வளியோடு சேர்ந்து பறக்கும். அவை தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். இரண்டாவது, வண்டி குலுங்கும்போது கரைசல் துளைவழியே தளும்பிச் சிந்தும். மூன்றாவது, வெளிக்காற்றில் கார்பன் டைஆக்சைடு உள்ளது. காரக் கரைசல் அதனை ஈர்த்துக் கார்பனேட்டாக மாறித் தன் திறனை இழக்கும். எனவே, உள்ளிருக்கும் வளி வெளியே செல்ல வேண்டும். வெளியிலிருக்கும் காற்று உள்ளே வரக் கூடாது.

இதற்கு விடையாக அமைந்தது, நிரப்புவாயின்மேல் கீல் வைத்துப் பொருத்திய சிறு மூடி. அதனுள் ஒருவழி வால்வு ஒன்று இருந்தது. உள்ளே வளியின் அழுத்தம் சற்று மிகும்போது வால்வு எழும்பும். வளி வெளியேறியதும் தானே அமர்ந்து வாயை அடைத்துக்கொள்ளும். வளியோடு வரும் திவலைகளைத் தடுத்துக் கலத்திற்கே திருப்பும் அமைப்பும் அங்கே இருந்தது. நம் வீட்டுச் சமையலறையில் குக்கரின்மேல் இடும் எடை, நீராவி மிகும்போது எழுந்து மீண்டும் அமர்வதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வளியாகப் பிரிந்து குறையும் நீரை ஈடுசெய்ய, அம்மூடியைத் திறந்து காய்ச்சி வடித்த நீரை அவ்வப்போது ஊற்ற வேண்டும். மூடியிருக்கும் கலம், தேவையானபோது மட்டும் மூச்சுவிட்டது.

சோதனைக் களம்

முதல் தோல்வியில் கற்ற பாடத்தை எடிசன் மறக்கவில்லை. புதிய கலத்தைப் பற்றி உலகம் பேசுமுன் அதனைக் கடுஞ்சோதனைக்கு உட்படுத்தினார். கலங்களைத் தூக்கித் தூக்கிப் போடும் பொறியில் வைத்து, இலட்சக்கணக்கான முறை அதிரச் செய்தனர். ஆய்வுக்கூடத்தின் மேல்தளத்திலிருந்து கீழே எறிந்தும் பார்த்தனர். மேடுபள்ளம் மிகுந்த சாலைகளில் ஊர்திகளை நெடுந்தொலைவு ஓட்டினர். இச்சோதனைகளைக் கடந்த பின்னரே, 1909ஆம் ஆண்டு திருந்திய கலம் விற்பனைக்கு வந்தது.

நீர்மூழ்கிக் கப்பலில் நேர்ந்தது

அக்காலத்து நீர்மூழ்கிக் கப்பல்கள் நீருக்கடியில் சேமக்கலங்களின் ஆற்றலால் இயங்கின. காரீயக் கலத்தின் அமிலத்தோடு கடல்நீர் கலந்தால் குளோரின் என்னும் நச்சு வளி தோன்றும். அடைபட்ட கப்பலுக்குள் அது மாலுமிகளின் உயிருக்கு உலை வைத்தது. அமிலமே இல்லாத தம் கலம் இவ்விடரைப் போக்கும் என எடிசன் நம்பினார். 1915இல் அவர் அமெரிக்கக் கடற்படை ஆலோசனைக் குழுவின் தலைமையையும் ஏற்றார். அவருடைய கலங்கள் ‘ஈ-2’ என்னும் நீர்மூழ்கிக் கப்பலில் பொருத்தப்பட்டன.

1916ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள், நியூயார்க்குக் கடற்படைத் தளத்தில் அக்கப்பல் நிறுத்தப்பட்டிருந்தபோது அதனுள் பெரும் வெடிப்பு நிகழ்ந்தது. பணியிலிருந்தோர் சிலர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர். கலங்களிலிருந்து வெளிவந்த ஹைட்ரஜன் தேங்கித் தீப்பற்றியதே காரணம் என்பது தெரியவந்தது. கப்பலின் காற்றோட்ட ஏற்பாடு போதாமையையே எடிசன் தரப்பினர் சுட்டினர். எனினும், இழந்த உயிர்கள் மீளவில்லை. அமெரிக்க நீர்மூழ்கிகளில் இக்கலம் நிலைபெறவும் இல்லை.

கலத்தின் மூடி தன் கடமையைச் செய்தது, வளியை வெளியேற்றியது. ஆனால், வெளியேறிய வளி எங்கே சென்றது? திறந்த சாலையில் ஓடும் வண்டியில் ஹைட்ரஜன் காற்றோடு கலந்து மறைந்துவிடும். நாற்புறமும் மூடிய கப்பலிலோ அது தங்கிவிடும். கப்பலும் ஒரு கலமே. அதற்கும் மூச்சுவிடும் வழி வேண்டும். பெட்டியை வடிவமைப்போர், அப்பெட்டி வைக்கப்படும் அறையையும் எண்ணிப்பார்க்க வேண்டும் என்பதை அத்துயர நிகழ்வு உணர்த்தியது.

நிலைத்த பயன்

எடிசன் எதை எண்ணி இக்கலத்தைத் தொடங்கினாரோ, அந்த மின் ஊர்தி அவர் காலத்தில் வெல்லவில்லை. பெட்ரோல் ஊர்திகள் மலிவாயின. அவற்றை எளிதில் கிளப்பும் மின்கருவியும் வந்தது. அக்கருவிக்கு வேண்டிய பெருமின்னோட்டத்தை நொடியில் தருவதற்குக் காரீயக் கலமே ஏற்றதாக இருந்தது. கடுங்குளிரிலும் எடிசன் கலத்தின் ஆற்றல் குன்றியது.

ஆயினும், உறுதியும் நீண்ட வாழ்நாளும் வேண்டிய இடங்களில் அது நிலைத்து நின்றது. சரக்கு ஊர்திகள், தொடர்வண்டி விளக்குகள், இருப்புப்பாதைச் சைகைகள் முதலியன அதனால் இயங்கின. சுரங்கத் தொழிலாளர் தலையில் அணியும் மின்விளக்கிற்கும் அது ஆற்றல் தந்தது. எரிவளி நிறைந்த சுரங்கத்தில் திறந்த சுடரை ஏந்திச் சென்றோருக்கு அவ்விளக்கு காவலாயிற்று. ஒரு பெட்டியில் உயிரைப் பறித்த அதே வேதியியல், மற்றொரு பெட்டியில் உயிரைக் காத்தது.

1931ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், தம் 84ஆம் வயதில் எடிசன் மறைந்தார். அமெரிக்காவில் மட்டும் அவர் பெற்ற காப்புரிமைகள் 1093. அவருள் ஒளிவிளக்கைக் கண்டவரைப் போற்றும் நாம், கசிந்த பெட்டிகளைத் திரும்பப் பெற்று, மீண்டும் முதலிலிருந்து தொடங்கியவரையும் நினைவிற்கொள்ளல் தகும்.

தெரியுமா?

எடிசன் ஆய்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், சுவீடன் நாட்டைச் சேர்ந்த வால்டெமர் யுங்னர் என்பவரும் காரச் சேமக்கலங்களை ஆய்ந்துவந்தார். 1899இல் நிக்கல், காட்மியம் ஆகியவற்றால் ஆன கலத்தை உருவாக்கியவர் அவரே. நிக்கலோடு இரும்பைச் சேர்த்தும் அவர் ஆய்வு செய்தார்.

சொல்லும் பொருளும்

சேமக்கலம் – மீண்டும் மின்னேற்றம் செய்யத்தக்க மின்கலம்
மின்பகுளி – மின்சாரத்தைக் கடத்தும் கரைசல்
பற்றாசு – உலோகங்களை ஒட்ட உதவும், எளிதில் உருகும் உலோகக் கலவை
கொள்திறன் – சேர்த்துவைக்கும் அளவு
திவலை – சிறு துளி

கற்பவை கற்றபின்

1. குறையுடைய கலங்களைத் திரும்பப் பெற எடிசன் எடுத்த முடிவு சரியானதா? உங்கள் கருத்தைக் காரணத்துடன் வகுப்பில் எடுத்துரைக்க.
2. மூடியிருந்தும் வளியை வெளியேற்றும் அமைப்புடைய, உங்கள் வீட்டுப் பொருள்கள் மூன்றனைக் கண்டறிந்து அவை இயங்கும் முறையை எழுதுக.
3. மின்கலங்கள் மின்னேற்றம் செய்யப்படும் அறையில் பின்பற்ற வேண்டிய பாதுகாப்பு முறைகளைப் பட்டியலிட்டு அறிவிப்புப் பலகை ஒன்று உருவாக்குக.