கேம் பாயைத் தந்த குன்பெய் யோகோய்... அவர் தோற்ற இடத்தைத் தேடிப்போன ரசிகர்கள்!

மொபைலில் கேம் ஆடும்போது உங்கள் இடது கட்டைவிரல் எங்கே இருக்கும்? ஆளை நகர்த்துகிற இடத்தில். வலது கட்டைவிரல்? சுட, குதிக்க, அடிக்க. யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே கை அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறது. இந்தப் பழக்கத்தை உலகத்துக்குப் போட்டுக்கொடுத்ததில் ஒரு ஜப்பான்காரருக்குப் பெரிய பங்கு உண்டு. பெயர், குன்பெய் யோகோய்.

நின்டெண்டோ நிறுவனத்தில் 31 வருடங்கள் வேலை பார்த்தவர். கோடிக்கணக்கில் விற்ற கேம் கருவிகளை உருவாக்கியவர். ஆனால், ரொம்ப காலத்துக்கு அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது என்னவோ ஒரே ஒரு தோல்விதான். அந்தத் தோல்வியைப் பரணில் இருந்து இறக்கி, தூசு தட்டி, மறுபடி ஓட வைத்தவர்கள் அவரை நேரில் பார்த்தேயிராத ரசிகர்கள்.

சீட்டுக்கட்டு கம்பெனியில் ஒரு இன்ஜினீயர்

1941 செப்டம்பர் 10-ம் தேதி கியோட்டோவில் பிறந்தவர் யோகோய். அதே ஊரில் உள்ள தோஷிஷா பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தார். 1965-ல் நின்டெண்டோவில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது நின்டெண்டோ என்றால் மரியோ கிடையாது, போக்கிமான் கிடையாது. ஹனாஃபுடா என்கிற பூப்படச் சீட்டுக்கட்டு தயாரிக்கிற கியோட்டோ கம்பெனி, அவ்வளவுதான். சீட்டு அச்சடிக்கும் மெஷின்கள் நிற்காமல் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்வதுதான் யோகோய்க்கு வேலை.

மெஷின் ஒழுங்காக ஓடினால் இவருக்கு வேலையே இல்லை. சும்மா இருப்பாரா மனுஷன்? தொழிற்சாலையில் இருந்த கருவிகளை வைத்துத் தனக்காக ஒரு பொம்மை செய்தார். பழைய லிஃப்ட்களில் இழுத்து மூடுகிற மடக்குக் கதவு இருக்குமே, அந்த மாதிரி அமைப்பு. கைப்பிடியை அழுத்தினால் சரசரவென்று நீண்டு, தூரத்தில் இருக்கும் பொருளைப் பிடிக்கும்.

அதை வைத்து விளையாடிக்கொண்டிருந்தபோது முதலாளி ஹிரோஷி யமாவுச்சி கண்ணில் பட்டுவிட்டது. செம திட்டு விழப்போகிறது என்று நினைத்தார் யோகோய். நடந்ததோ வேறு. அதையே விற்பனைக்கு ஏற்ற பொம்மையாகச் செய்து தரச் சொன்னார் யமாவுச்சி. 1966-ல் ‘அல்ட்ரா ஹேண்ட்’ என்ற பெயரில் கடைக்கு வந்த அந்தக் கை, 10 லட்சத்துக்கும் மேல் விற்றது. மெஷின் பார்த்துக்கொண்டிருந்தவர் பொம்மை வடிவமைப்பாளர் ஆனார்.

இட்லி உப்புமா மூளை

அடுத்தடுத்து வந்த பொம்மைகளில் யோகோயின் ஸ்டைல் தெரிய ஆரம்பித்தது. வீட்டுக்குள் மென்மையான பந்து வீசும் ‘அல்ட்ரா மெஷின்’ வந்தது. 1969-ல் ‘லவ் டெஸ்டர்’ வந்தது. ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்து, இன்னொரு கையைக் கோத்துக்கொண்டால், முள் நகர்ந்து காதல் எவ்வளவு என்று காட்டும். உள்ளே இருந்ததோ உடம்பில் ஓடும் மின்சாரத்தை அளக்கிற சாதாரண மீட்டர்! பெண்களின் கையைப் பிடிக்க ஒரு சாக்கு வேண்டும் என்றுதான் அதைச் செய்ததாகப் பின்னாளில் யோகோயே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

‘லெஃப்டி ஆர்எக்ஸ்’ இன்னும் சுவாரஸ்யம். ரிமோட் கார் விலை அதிகமாக இருந்த காலம். எல்லாப் பக்கமும் திரும்புகிற வசதிதான் விலையை ஏற்றியது. யோகோய் அதை வெட்டினார். இந்த கார் இடதுபக்கம் மட்டும்தான் திரும்பும். வட்டமான பாதையில் ரேஸ் விட அது போதாதா?

இதுதான் அவருடைய மொத்த சூத்திரமும். புத்தம்புதிய, விலை உயர்ந்த தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாதே. எல்லோரும் பயன்படுத்தித் தேய்ந்து, விலை விழுந்துபோன பழைய தொழில்நுட்பத்தை எடு. அதை யாரும் யோசிக்காத வேறொரு வேலைக்குத் திருப்பு. காலையில் மீந்த இட்லியை மாலையில் உப்புமாவாக்கி, வீட்டையே திரும்ப ஒரு தட்டு கேட்க வைக்கிற மூளை!

இந்த மூளைக்கும் அடி விழுந்ததுண்டு. 1973-ல், மவுசு குறைந்து மூடிக்கிடந்த பௌலிங் அரங்குகளை ஒளித் துப்பாக்கி சுடும் விளையாட்டு அரங்குகளாக மாற்றியது நின்டெண்டோ. அதே வருடம் வந்த எண்ணெய் நெருக்கடியில் ஆர்டர்கள் ரத்தாகி, கம்பெனி கடனில் மூழ்கியது.

ரயிலில் பார்த்த கால்குலேட்டர்

ஒருமுறை புல்லட் ரயிலில், அலுவலகம் போகிற ஒருவர் நேரம் போகாமல் கால்குலேட்டர் பட்டன்களைத் தட்டிக்கொண்டிருந்ததைக் கவனித்தார் யோகோய். பெரியவர்களும் கூச்சப்படாமல் கைக்குள் மறைத்து ஆடுகிற அளவுக்குச் சின்னதாக ஒரு கேம் இருந்தால்?

ஒரு நாள் முதலாளியின் டிரைவருக்கு உடம்பு சரியில்லை. யோகோய் காரை ஓட்டினார். போகிற வழியில் பேச்சுவாக்கில் இந்த ஐடியாவைச் சொன்னார். அன்றைய கூட்டத்தில் யமாவுச்சி பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஷார்ப் நிறுவனத்தின் தலைவர். கால்குலேட்டர் போட்டியில் எல்சிடி திரைகளையும் சிப்களையும் மலிவாகச் செய்து குவித்துக்கொண்டிருந்த கம்பெனி அது. பிறகென்ன? 1980-ல் ‘கேம் அண்ட் வாட்ச்’ பிறந்தது. ஒரு கருவி, அதில் ஒரே கேம், கூடவே கடிகாரம். உலகம் முழுக்க 4.3 கோடிக்கும் மேல் விற்றது.

1982-ல் அந்த வரிசையில் ‘டாங்கி காங்’ வந்தபோது ஒரு சிக்கல். மடித்துப் பையில் வைக்கிற கருவியில் ஜாய்ஸ்டிக் துருத்திக்கொண்டு நிற்க முடியாது. யோகோய் அதைத் தட்டையாக்கி, கூட்டல் குறி வடிவத்தில் ஒரு பட்டன் ஆக்கினார். கண் திரையிலேயே இருக்கலாம், விரலுக்குத் திசை தெரியும். அன்று இடதுபக்கம் போன கட்டைவிரல் இன்று வரைக்கும் அங்கேயேதான் இருக்கிறது.

மரியோவை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ சின்ன வயசு ஓவியராக இருந்தபோது, 1981-ன் ஆர்கேட் ‘டாங்கி காங்’கில் அவருக்கு மேலே நின்று வழிநடத்தியவரும் யோகோய்தான். 1986-ல் ‘மெட்ராய்ட்’ வந்ததும் இவரது குழுவில் இருந்துதான்.

1989-ல் வந்தது ‘கேம் பாய்’. பச்சை படிந்த மங்கலான திரை, கலர் கிடையாது. போட்டியாளர்களான அட்டாரி, செகா இரண்டும் கலர் திரையோடு வந்தன. ஆனால், அவை ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் குடித்துத் தீர்த்தன. கேம் பாய் நாலு பேட்டரியில் பத்து மணி நேரத்தைத் தாண்டி ஓடியது. விலையும் குறைவு, கீழே விழுந்தாலும் அவ்வளவு சீக்கிரம் உடையாது. பிறகு வந்த ‘கேம் பாய் கலரை’யும் சேர்த்து 11.8 கோடி விற்றது. இட்லி உப்புமா ஜெயித்தது!

சிவப்பு இருட்டு

1995 ஜூலையில் ‘விர்ச்சுவல் பாய்’ வந்தது. மேஜையில் ஒரு ஸ்டாண்டு, அதன் மேல் பெரிய கண்ணாடி மாதிரி ஒரு பெட்டி. குனிந்து முகத்தைப் புதைத்தால் 3டி உலகம். சிவப்பு எல்இடி மலிவு, மின்சாரமும் குறைவாகத்தான் இழுக்கும். அதனால் எல்லாமே சிவப்பும் கறுப்புமாக இருந்தது. உள்ளே வேகமாக அசையும் கண்ணாடிகள், எல்இடி வரிசையின் வெளிச்சத்தை விரித்து ஒரு முழுப் படமாகக் காட்டின. அதே பழைய சூத்திரம்தான்.

இந்த முறை எடுபடவில்லை. கழுத்து வலி, கண் வலி என்று புகார்கள். ஏழு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள் ஆடக்கூடாது என்ற எச்சரிக்கையே பெற்றோரைப் பயமுறுத்தியது. ஒருத்தர் ஆடுவதைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கவும் முடியாது. சுமார் 7.7 லட்சம் கருவிகள்தான் விற்றன. ஒரு வருடம்கூட முழுசாகத் தாக்குப்பிடிக்கவில்லை. மொத்தம் வெளியானது வெறும் 22 கேம்கள். பாதி செய்ததும், முக்கால் செய்ததும், செய்து முடித்ததுமாக மற்றவை அலமாரிக்குள் போய்விட்டன.

1996 ஆகஸ்ட்டில் யோகோய் நின்டெண்டோவை விட்டு விலகினார். தோற்றதால் துரத்தப்பட்டார் என்று கதை கட்டினார்கள். அது காரணமில்லை என்று ஜப்பானியப் பத்திரிகை ஒன்றில் அவரே விளக்கி எழுதினார். சொந்தமாக ‘கோட்டோ’ என்ற சின்ன நிறுவனத்தைத் தொடங்கி, பண்டாய் கம்பெனிக்காக ஒரு புதிய கைக்கருவியை வடிவமைக்க ஆரம்பித்தார்.

1997 அக்டோபர் 4. இஷிகாவா மாகாணத்தில் ஹோகுரிக்கு நெடுஞ்சாலை. யோகோய் வந்த கார் முன்னால் போன லாரியில் மோதியது. என்ன ஆச்சு என்று பார்க்க இறங்கினார். பின்னால் வந்த இன்னொரு கார் அவர்மீது மோதியது. அவருக்கு வயது 56.

பண்டாயின் ‘வொண்டர்ஸ்வான்’ 1999-ல் வெளிவந்தது. ஒரே ஒரு பேட்டரியில் ஓடியது! அதற்காகச் செய்யப்பட்ட புதிர் விளையாட்டுக்கு ‘குன்பே’ என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

மீட்டெடுத்தவர்கள்

இனிமேல்தான் ரசிகர்களின் கதை. விர்ச்சுவல் பாய்க்கு ஒரு பரம்பரை நோய் உண்டு. திரையையும் சர்க்யூட்டையும் இணைக்கிற ரிப்பன் கேபிளைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். வருடம் போகப் போகப் பசை விட்டுவிடும். படத்தில் கோடு கோடாக விழும், கடைசியில் எதுவுமே தெரியாது. கம்பெனி கைவிட்ட கருவிக்கு சர்வீஸ் சென்டரா இருக்கும்? உலகத்தின் மூலைமுடுக்கில் இருந்த ரசிகர்களே அந்தக் கேபிள்களை சால்டரிங் செய்யப் பழகினார்கள். எப்படிச் செய்வது என்று படிப்படியாக எழுதி மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள்.

அடுத்து, வெளியே வராத கேம்களைத் தேடினார்கள். ‘பவுண்ட் ஹை!’ அதில் முக்கியமானது. பந்தாக மாறும் ஒரு ரோபோ, மேலிருந்து குதித்துக் குதித்து எதிரிகளை நசுக்கும். ‘ஜப்பான் சிஸ்டம் சப்ளை’ என்ற ஸ்டூடியோ உருவாக்கியது. கருவியே செத்துப்போனதால் இதுவும் கூடவே செத்தது. 15 வருடம் கழித்து, 2010-ல், கிடைத்த மூல நிரலை வைத்து ரசிகர்கள் அதை ஓடுகிற கேமாகத் திரும்பக் கட்டினார்கள். கொஞ்சம் கேட்ரிட்ஜ்களும் தயாரித்தார்கள். ஒரு ஸ்டூடியோவின் உழைப்பு கடைசியில் ஆட்டக்காரர் கைக்கு வந்துசேர்ந்தது.

கேம் அண்ட் வாட்சை மீட்பது இதைவிடக் கஷ்டம். அதன் நிரல் சிப்புக்குள்ளேயே பதிந்திருக்கும், காப்பி எடுப்பது சுலபமில்லை. அதனால் சிப்பின் மேலுறையை அமிலத்தில் கரைத்தார்கள். உள்ளே இருப்பதை மைக்ராஸ்கோப்பில் படம் எடுத்து, அதில் தெரிந்த பூஜ்ஜியம், ஒன்றுகளை எண்ணிப் படித்தார்கள். எல்சிடி உருவங்களை ஸ்கேன் செய்து திரும்ப வரைந்தார்கள். மலிவான பொம்மை ஒன்றுக்கு இவ்வளவு பாடு!

யோகோய் தன் வேலைகளைப் பற்றி விரிவாகப் பேசிய புத்தகம் 1997-ல் வந்தது. அது அச்சில் இல்லாமல் போனபோது, பழைய பிரதிகளைப் பெரிய விலை கொடுத்து வாங்கினார்கள். 2010-ல் மறுபதிப்பு வந்தது.

இந்த வேலை எல்லாம் ஏன் அவசரம்? அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான பழைய கேம்களில் 87 சதவிகிதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று 2023-ல் ‘வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்’ ஆய்வு சொன்னது. இது விற்பனைக்கு வந்தவற்றின் கணக்கு. கடைக்கே வராதவை இதில் சேர்த்தி இல்லை. காப்புரிமைச் சட்டத்தின் பயமும் ரசிகர்களுக்கு எப்போதும் உண்டு. ஆனால் பசைக்கும் பேட்டரிக்கும் சட்டம் தெரியாது. அவை தம் பாட்டுக்குக் கெட்டுக்கொண்டே இருக்கும்.

திரும்பி வந்த கை

2024 அக்டோபரில் கியோட்டோ பக்கத்தில் உள்ள உஜியில் நின்டெண்டோ மியூசியம் திறந்தது. ஒரு காலத்தில் சீட்டுக்கட்டு தயாரித்த அவர்களுடைய பழைய தொழிற்சாலைதான் இடம். உள்ளே போகிறவர்கள் அல்ட்ரா ஹேண்டால் பந்து பிடிக்கலாம், லவ் டெஸ்டரில் கை கோக்கலாம்.

2025 செப்டம்பரில் இன்னொரு அறிவிப்பு. விர்ச்சுவல் பாய் கேம்கள் ஸ்விட்ச் கருவிக்கு வரும், அந்தப் பழைய சிவப்புப் பெட்டி வடிவிலேயே ஒரு ஸ்டாண்டும் 2026 பிப்ரவரியில் கிடைக்கும் என்றது நின்டெண்டோ. மறக்க நினைத்த கருவியைக் கம்பெனியே முப்பது வருடம் கழித்து மேஜைக்குக் கொண்டுவர முடிவு செய்தது.

அதுவரை அந்தச் சிவப்பு வெளிச்சம் அணையாமல் பார்த்துக்கொண்டவர்கள் சால்டரிங் இரும்பு பிடித்த ரசிகர்கள். பழசு, மலிவு, யாருக்கும் வேண்டாதது. அதை எடுத்து வேறு மாதிரி யோசிப்பது. யோகோய் கற்றுக்கொடுத்த பாடத்தை அவருடைய தோல்விமீதே செய்து பார்த்திருக்கிறார்கள், வேறென்ன!