தாயைப் பாடிய மகன்

அமெரிக்காவில் "ராப்" என்று ஒரு வகைப் பாட்டு உண்டு. அதில் ராகத்தை விட வார்த்தைக்குத்தான் மதிப்பு. தாளத்துக்கு ஏற்றபடி, எதுகையோடு மடமடவென்று சொல்லிக்கொண்டே போவார்கள்.

இந்தப் பாட்டில் கொடிகட்டிப் பறந்தவர், டூபாக் ஷகூர்.

சிறையில் தாய்

தாயார் பெயர் அபெனி. கறுப்பர் உரிமைக்காகப் போராடிய "கருஞ்சிறுத்தைகள்" கட்சியைச் சேர்ந்தவர். குண்டு வைக்கச் சதி செய்ததாக அவர் மீதும் தோழர்கள் மீதும் நியூயார்க்கில் வழக்கு நடந்தது.

கர்ப்பிணியாகச் சிறையில் இருந்த அபெனி, வக்கீல் வைக்காமல் தாமே வாதாடினார். 1971 மே மாதம் விடுதலை பெற்றார். ஜூன் 16-ந் தேதி டூபாக் பிறந்தார்.

ஸ்பெயின் ஆட்சியை எதிர்த்து உயிர் கொடுத்த பெரு நாட்டு வீரன் டூபாக் அமாருவின் பெயரை மகனுக்குச் சூட்டினார்.

மூட்டை தூக்கினார்

வீட்டில் வறுமை. பால்டிமோர் நகரக் கலைப் பள்ளியில் டூபாக் நடிப்பும் நடனமும் கற்றார். 1988-ல் குடும்பம் கலிபோர்னியாவுக்குப் போனதால் அந்தப் படிப்பு பாதியில் நின்றது. தாயார் போதைப் பழக்கத்துக்கு அடிமையானார். மகன் மனம் உடைந்தார்.

ஒரு பாட்டுக் குழுவில் சாமான் தூக்கும் வேலை கிடைத்தது. பிறகு அதே மேடையில் ஆடினார். 1991-ல் அவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. மறு ஆண்டு "ஜூஸ்" படத்தில் நடித்துப் பெயர் வாங்கினார்.

புகழும் வழக்கும்

புகழோடு வம்பும் வளர்ந்தது. 1994 நவம்பரில் நியூயார்க்கில் அவரைச் சுட்டார்கள். ஐந்து குண்டு பாய்ந்தும் பிழைத்தார். மறுநாளே கட்டுகளுடன் சக்கர நாற்காலியில் கோர்ட்டுக்கு வந்தார். ஒரு பெண்ணிடம் தகாதபடி நடந்த வழக்கில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. 1995-ல் சிறை சென்றார்.

அவர் சிறையில் இருந்தபோதே, அவருடைய புதிய இசைத்தட்டு விற்பனையில் முதல் இடம் பிடித்தது! அக்டோபரில் ஜாமீனில் வந்தார். 1996 பிப்ரவரியில் வந்த அடுத்த இசைத்தட்டும் முதல் இடம்தான்.

25 வயதில் முடிவு

1996 செப்டம்பர் 7-ந் தேதி, லாஸ் வேகாசில் குத்துச்சண்டை பார்த்துவிட்டுக் காரில் போனபோது மீண்டும் சுட்டார்கள். 13-ந் தேதி உயிர் பிரிந்தது. அப்போது வயது 25.

அதற்குள் தாயார் போதையை விட்டிருந்தார். தாயின் குறையை மறைக்காமல், தனியாக நின்று வளர்த்த அவருக்கு நன்றி சொல்லி டூபாக் பாடிய "டியர் மாமா" என்ற பாட்டை, காப்பாற்ற வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் 2010-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் சேர்த்தது.

துப்பாக்கி அந்த மகனைக் கொண்டுபோய்விட்டது. பெற்றவளுக்குப் பாடிய பாட்டு நிலைத்துவிட்டது.