ஆலிஸ் ஹாமில்டன் டாக்டரம்மா

மலருக்காக ஒரு பெரிய மனுஷியோட வாழ்க்கையை எழுதச் சொன்னாங்க. நான் அமெரிக்காவுல வாழ்ந்த டாக்டரம்மா ஆலிஸ் ஹாமில்டனைப் பத்தி எழுதுறேன்.

1869-ல் நியூயார்க்கில் பிறந்தாங்க. 1893-ல் டாக்டர் பட்டம் வாங்கினாங்க. அப்புறம் சிகாகோவுல ஏழைத் தொழிலாளிங்க மத்தியில ஹல் ஹவுஸ் என்ற சேவை இல்லத்தில் தங்கி, பச்சப்பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்தாங்க. 1910-ல் ஈயத்தால வர்ற நோயை ஆராயுற வேலை வந்தது. ஆலைக்குள்ள போய்ப் பார்த்தாங்க. வேலை போயிருமேன்னு பயந்து தொழிலாளிங்க அங்க வாயைத் திறக்கல. அதனால அவங்க வீடுகளுக்கே போய் விசாரிச்சாங்க.

அடுத்து, ரப்பரையும் பசையையும் கரைக்கிற பென்சீன். அந்த ஆவி எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து ரத்தம் ஊற விடாது, ரத்தப் புற்றுநோயும் வரும். பென்சீன் ஆபத்தைப் பத்தி 1922-லேயே எச்சரிச்சு எழுதினாங்க. ரேயான் ஆலையில கார்பன் டைசல்பைடு ஆவியால கை கால் மரத்து, புத்தி பேதலிச்ச ஆட்களுக்காகவும் பாடுபட்டாங்க.

1919-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முதல் பெண் ஆசிரியர் ஆனாங்க. ஆனா பட்டமளிப்பு ஊர்வலத்துல நடக்கக் கூடாதுன்னு நிபந்தனை! 1935-ல் ஓய்வு பெறும் வரை பதவி உயர்வே கொடுக்கல. 1970 செப்டம்பரில், 101 வயசுல காலமானாங்க. அந்த டிசம்பர்லதான் வேலையிடப் பாதுகாப்புக்குப் பெரிய சட்டம் அமெரிக்காவில் வந்தது.

நமக்கு இதுல என்ன இருக்கு? சீசனுக்கு முன்னால குற்றாலம் லாட்ஜுகளுக்குப் பெயிண்ட் அடிக்க நம்ம ஆளுங்க போறாங்க. தென்காசிப் பட்டறைகள்ல பிள்ளைங்க பெட்ரோல்லயும் தின்னர்லயும் கை கழுவுறாங்க. தலைவலி, கிறக்கம், மறதி, கை மரப்பு, ஈறுல ரத்தம் இதெல்லாம் வந்தா முதல்ல கண்ணுல படுறது வீட்டுல இருக்கிற நமக்குத்தான். ஆஸ்பத்திரிக்குப் போனா என்ன வேலை, எத்தனை வருஷம்னு டாக்டர் கேக்காட்டியும் சொல்லுங்க. டப்பாவுல இருக்கிற பேரையும் காட்டுங்க. ரத்தப் பரிசோதனை வேணுமான்னு கேளுங்க.

வேலை செய்யுற இடத்துல ஜன்னல் திறந்திருக்கணும். கையைச் சோப்பு போட்டுத்தான் கழுவணும். மயங்கி விழுந்தா காத்தோட்டமான இடத்துக்குத் தூக்கிட்டுப் போய், நனைஞ்ச துணியைக் கழத்திட்டு 108-க்குக் கூப்பிடுங்க. பிள்ளைங்க தெரியாம தின்னரைக் குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, நுரையீரலுக்குள்ள போயிரும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.

அந்த டாக்டரம்மா வீடு வீடாப் போய்க் கேட்டாங்க. நம்மகிட்ட யாரும் வந்து கேக்கப் போறதில்ல. நாமதான் போய்ச் சொல்லணும்.