விஞ்ஞானி நெட்டி ஸ்டீவன்ஸ் அம்மையார்



மூன்றாவதும் பொண்ணாகப் பிறந்துவிட்டால் யாரைக் குறை சொல்கிறோம்? பெற்றவளைத்தான். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். புருஷன் ஒரு வாரம் பேசுவதில்லை. இது நியாயம்தானா? இல்லவே இல்லை என்கிறது அறிவியல். அந்த உண்மையைக் கண்டு சொன்னவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. அவர் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

நெட்டி மரியா ஸ்டீவன்ஸ் 1861-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தார். தகப்பனார் தச்சு வேலை செய்பவர். தாயாரைச் சின்ன வயதிலேயே இழந்தார். ஆசிரியர் பயிற்சி பெற்று, பல ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்துவைத்தார். 1896-இல், தமது 35-ஆம் வயதில், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மாணவியாகச் சேர்ந்தார்! அந்த வயதில் நாமாக இருந்தால், இனிமேல் படிச்சு என்ன ஆகப்போகுது என்போம். அவரோ 1903-இல் பிரின் மார் கல்லூரியில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

அவர் ஆராய்ந்தது என்ன? நம் உடம்பு செல்களால் ஆனது. செல்லுக்குள் நூல் துண்டு போன்ற குரோமோசோம்கள் இருக்கின்றன. மனிதருக்கு 46, அதாவது 23 ஜோடி. தாயின் 46-உம் தகப்பனின் 46-உம் அப்படியே சேர்ந்தால் பிள்ளைக்கு 92 ஆகிவிடுமே! அதைத் தடுப்பதுதான் மியோசிஸ் எனப்படும் குன்றல் பகுப்பு. முதலில் ஒவ்வொரு குரோமோசோமும் தன்னைப்போல் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளும். பிறகு ஜோடிகள் ஒட்டி நின்று, துண்டுகளை மாற்றிக்கொள்ளும். அடுத்து, செல்லின் நடுவில் வரிசைபிடித்து, ஜோடி பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போகும். இரண்டாம் பிரிவில் பிரதிகளும் பிரியும். இப்படி ஆணின் ஒரு செல் நான்கு விந்தணுக்களாகும். ஒவ்வொன்றிலும் 23 மட்டுமே.

அம்மையார் மாவிலும் தவிட்டிலும் வளரும் மாவுப்புழுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். பெண்ணின் செல்லில் பெரிய குரோமோசோம்கள் 20. ஆணிடம் பெரியவை 19, மற்றொன்று மிகச் சிறியது. ஆகவே, ஆணின் விந்தணுக்களில் பாதிக்குப் பெரியவை பத்து. மறுபாதிக்குப் பெரியவை ஒன்பதும் அந்தச் சிறியதும். சிறியது வந்து சேர்ந்தால் ஆண், இல்லாவிட்டால் பெண். முட்டையில் இந்த வேறுபாடே கிடையாது. 1905-இல் இதை எழுதி வெளியிட்டார். அந்தச் சிறியதைத்தான் இன்று ஒய் குரோமோசோம் என்கிறோம். மனிதரிலும் ஆண், பெண் என்பதை முடிவு செய்வது தகப்பனிடமிருந்து வரும் அணுதான்.

அதே ஆண்டில் எட்மண்ட் வில்சன் என்ற அறிஞரும் இதுபோன்ற முடிவுக்கு வந்தார். பிற்காலத்தில் புகழில் பெரும்பங்கு அவருக்கே போயிற்று. அம்மையாருக்காகப் பிரின் மார் கல்லூரி ஆராய்ச்சிப் பேராசிரியர் பதவி ஒன்றை ஏற்படுத்தியது. அதில் அமருமுன், 1912 மே 4-ஆம் நாள், மார்பகப் புற்றுநோயால் காலமானார். வயது 50.

பெற்றோர்களே! பெண் பிறந்தால் தாயைப் பழிக்காதீர்கள். தகப்பனையும் பழிக்க வேண்டாம். எந்த அணு போய்ச் சேரும் என்பது யார் கையிலும் இல்லை. ஆனால் பிறந்த பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புவது நம் கையில் இருக்கிறது. தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவளை வீட்டில் நிறுத்தாதீர்கள். தச்சர் மகள் படித்ததால்தான் இந்த உண்மை நமக்குக் கிடைத்தது.