பாம்புகளின் பள்ளத்தாக்கில் லோரன்ஸ்

1917 ஜூன் மாதம். இன்றைய சவூதி அரேபியாவின் வடக்கே, ஜோர்தான் எல்லையை ஒட்டி நீளும் வாதி சிர்ஹான் பள்ளத்தாக்கில் அரபுப் போராளிகள் பாளையமிட்டிருந்தார்கள். அவர்களோடு 28 வயதுப் பிரித்தானிய அதிகாரி ஒருவரும் இருந்தார். அவர்தான் பின்னாளில் ‘அரேபியாவின் லோரன்ஸ்’ என்று அறியப்பட்ட தோமஸ் எட்வேர்ட் லோரன்ஸ்.

1888 ஓகஸ்ட் 16 அன்று வேல்ஸில் பிறந்தவர் அவர். ஒக்ஸ்போர்டில் வரலாறு படித்தார். சிரிய எல்லையில் உள்ள கார்கெமிஷ் அகழ்வுப் பணியில் அரபு மொழியையும் மக்களையும் அறிந்துகொண்டார். முதலாம் உலகப் போர் அவரை கெய்ரோவிலிருந்த இராணுவப் புலனாய்வுப் பிரிவுக்குக் கொண்டுசென்றது. 1915இல் அவரது சகோதரர்கள் இருவர் போரில் மாண்டனர். அடுத்த ஆண்டு ஒட்டோமான் பேரரசுக்கு எதிராக மக்காவின் ஷரீப் ஹுசைன் கிளர்ந்தெழுந்தார். அவருடைய மகன் பைசலின் படைக்குப் பிரித்தானியா அனுப்பிய தொடர்பதிகாரியானார் லோரன்ஸ்.

1917 மே 9 அன்று செங்கடல் கரையிலுள்ள வெஜ்ஹிலிருந்து ஒரு சிறு குழு புறப்பட்டது. ஷரீப் நாசிரும், ஹுவைதாத் குலத்தின் தலைவர் அவுதா அபூ தாயியும் அதனுடன் சென்றனர். பாலைவனத்தைச் சுற்றிக் கடந்து, அகபா துறைமுகத்தைத் தரைவழியாகத் தாக்குவதே திட்டம். வழியில் குறுக்கிட்ட அல் ஹூல் வெளியில் ஒரு பறவையையோ பல்லியையோ அவர்கள் காணவில்லை. ஓரிடத்தில் தீக்கோழி முட்டைகள் இரண்டு அகப்பட்டன. விறகில்லாததால், பாலங்களைத் தகர்க்க வைத்திருந்த வெடிமருந்தைத் துருவி எரித்து அவற்றை வேகவைத்தார்கள். ஒன்று அழுகியிருந்தது. மற்றதைப் பகிர்ந்து உண்டார்கள். அந்த அரேபியத் தீக்கோழி இனம் இன்று உலகில் இல்லை.

சிர்ஹானில் தண்ணீர் இருந்தது. ஆனால் பாம்புகளும் இருந்தன. கண்ணுக்கு மேல் கொம்பு போன்ற செதிலுள்ள விரியன்கள், நாகங்கள், கரும்பாம்புகள் என அந்த ஆண்டு அவை பெருகிக் கிடந்தன. இருட்டியபின் கிணற்றடிக்குப் போக ஆட்கள் அஞ்சினார்கள். கோப்பி குடிக்கச் சுற்றியிருந்தவர்களின் நடுவிலும் பாம்பு புகுந்தது. குளிருக்கு ஒதுங்கிய பாம்புகள், உறங்குபவர்களின் போர்வைக்குள் நுழைந்தன. தடி இல்லாமல் எவரும் நடப்பதில்லை. கடிபட்டோர் எழுவர், அவர்களில் மூவர் இறந்தனர். கடிவாயில் பாம்புத்தோலை வைத்துக் கட்டி, குர்ஆன் ஓதுவதே அங்கிருந்த வைத்தியம். பாம்புக்கு அஞ்சிய லோரன்ஸுக்கு அந்த இரவுகள் பெரும் வதையாக இருந்தன. இவற்றையெல்லாம் அவரே தனது நூலில் எழுதியுள்ளார். அந்த நூலின் சில பகுதிகளை வரலாற்றாசிரியர்கள் ஐயத்தோடு பார்ப்பதும் உண்டு.

ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் அவரை அதிகம் வாட்டியது பாம்பு அல்ல. போரில் உதவினால் சுதந்திரம் என்று அரபு மக்களுக்குப் பிரித்தானியா நம்பிக்கை கொடுத்திருந்தது. அதேவேளை 1916 மே மாதத்தில் சைக்ஸ், பிக்கோ என்ற இரு இராஜதந்திரிகள் வகுத்த இரகசிய உடன்பாட்டின்படி, அந்த நிலங்களைப் பிரான்சுடன் பங்கிட்டுக்கொள்ளவும் இணங்கியிருந்தது. லோரன்ஸ் இதை அறிவார். குலங்களைப் போருக்கு அழைத்தவரும் அவரே. முரண்பட்ட பிரித்தானிய ஆவணங்களை முன்வைத்து எதை நம்புவது என்று ருவல்லா குலத்தலைவர் நூரி ஷாலான் கேட்டபோது, கடைசியாக வந்ததை நம்புங்கள் என்று தான் சொன்னதாக அவரே எழுதியுள்ளார்.

அந்த ஜூனின் தொடக்கத்தில், கெய்ரோவிலிருந்த மேலதிகாரிக்கென ஒரு குறிப்பை எழுதினார். பொய்யை முன்வைத்து இம்மக்களை நமக்காகச் சண்டையிட அழைக்கிறோம், இதைத் தாங்க முடியவில்லை, வழியிலேயே கொல்லப்படுவேன் என்ற எண்ணத்தோடு தனியே டமஸ்கஸ் பக்கம் போகிறேன் என்பதே அதன் சாரம். எதிரியின் பிரதேசத்துக்குள் போனவர் உயிருடன் திரும்பினார். மீண்டும் அதே பணியைத் தொடர்ந்தார்.

ஜூலை 6 அன்று அகபா வீழ்ந்தது. 1918 ஒக்டோபர் 1 அன்று டமஸ்கஸும் வீழ்ந்தது. அதே மாதத்தில் பிரித்தானிய மன்னர் அளிக்கவிருந்த விருதுகளை லோரன்ஸ் ஏற்க மறுத்தார். 1919இல் பாரிஸ் சமாதான மாநாட்டில் பைசலுடன் நின்று வாதாடியும் பயனில்லை. 1920 ஜூலையில் பிரெஞ்சுப் படை மைசலூனில் அரபுப் படையை முறியடித்து, பைசலை டமஸ்கஸிலிருந்து வெளியேற்றியது. மறு ஆண்டு பைசல் ஈராக்கின் மன்னராக்கப்பட்டதில் லோரன்ஸுக்கும் பங்குண்டு. அங்கும் பிரித்தானியாவின் பிடி தளரவில்லை.

1922இல் பெயரை மாற்றிக்கொண்டு விமானப்படையில் கடைநிலை வீரராகச் சேர்ந்தார். ஒரு காலத்தில் கேர்ணலாக இருந்தவர், படைமுகாமில் சாதாரண வேலைகள் செய்தார். 1935 மே மாதம், ஓய்வுபெற்றுச் சில வாரங்களிலேயே, மோட்டார் சைக்கிள் விபத்தில் காயமடைந்து 19ஆம் திகதி இறந்தார். வயது 46.

அவரைப் பற்றி ஏராளமான நூல்கள் வந்தன. 1962இல் புகழ்பெற்ற திரைப்படமும் வந்தது. சிர்ஹானில் பாம்பு தீண்டி இறந்த மூவர், எதற்காக அங்கே வந்தார்களோ, அந்தச் சுதந்திரம் டமஸ்கஸில் இரண்டு ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. பாம்பு எங்கே கிடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். தடியெடுத்துப் பற்றையை அடித்துப் பார்த்தே நடந்தார்கள். இரகசிய உடன்பாடு அவர்கள் கண்ணில் படவே இல்லை.