ஓஆர்எஸ் ஏன் வேலை செய்யுது? காலராவின் முடிச்சை அவிழ்த்த சம்பு நாத் டே

தாமிரபரணியில் 2023 டிசம்பரில் வந்த மாதிரி ஒரு வெள்ளம் வந்து வடிஞ்சா, நெல்லைக்காரங்களோட அடுத்த கவலை குடிதண்ணீர்தான். வயிற்றுப்போக்கு வந்தா இன்னைக்குக் கை முதலில் போறது ஓஆர்எஸ் பாக்கெட்டுக்கு. 19ஆம் நூற்றாண்டில் இதே ஆற்றங்கரை ஊர்களில் வாந்திபேதின்னாலே குலைநடுங்கும். அந்த நோய் ஆளை எப்படிக் கொல்லுதுன்னு காட்டியவர் ஒரு வங்காள டாக்டர்.

யார் இவர்?

சம்பு நாத் டே, 1915-ல் ஹூக்ளி மாவட்டத்து கரிபாட்டி கிராமத்தில் பிறந்தவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்து, லண்டனில் 1949-ல் பிஎச்.டி. முடித்து ஊர் திரும்பினார்.

என்ன கண்டுபிடிச்சார்?

காலரா கிருமியை ராபர்ட் கோக் 1884-லேயே கல்கத்தாவில் பிரித்தெடுத்துவிட்டார். ஆனா அது உடம்பை எப்படித் தாக்குதுன்னு தெளிவாகலை. டே 1953-ல் முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு பக்கமும் நூலால் கட்டி, உள்ளே கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அந்தத் துண்டு நீர் கோத்து உப்பியிருந்தது. 1959-ல் கிருமியை முழுசா வடிகட்டிய திரவத்தை மட்டும் செலுத்தினார். அப்பவும் அதேதான். ஆக, குற்றவாளி கிருமி சுரக்கும் நச்சு. அது தாக்கும் இடம் குடல்.

குடல் செல்லில் என்ன நடக்குது?

இது பின்னால் வந்த ஆய்வுகளில் தெரிஞ்சது. அந்த நச்சு, குடல் செல் சவ்வில் இருக்கும் குளோரைடு வாசலை மூடவிடாமல் திறந்தே வைக்குது. குளோரைடு அயனி குடலுக்குள் கொட்ட, சோடியமும் தண்ணீரும் பின்னாடியே போயிடும். சில மணி நேரத்தில் உடம்பு வறண்டுவிடும்.

ஆனா இன்னொரு வாசலை நச்சு தொடுறதில்லை. சோடியமும் குளுக்கோஸும் ஜோடியா வந்தா அது உள்ளே விடும். கூடவே தண்ணீரும் உள்ளே வரும். பாக்கெட்டில் உப்போடு குளுக்கோஸும் இருப்பது ருசிக்காக இல்லை, அந்த வாசலுக்காக. 1971 வங்கதேசப் போரின்போது, பன்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலநாபிஸ் இதைப் பெரிய அளவில் கொடுத்தார். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த சாவு, 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

அங்கீகாரம் கிடைச்சதா?

நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க், டேயின் பெயரை நோபலுக்கே பரிந்துரைத்தார். கிடைக்கலை. 1973-ல் ஓய்வு பெற்ற டேயை, 1978-ல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு ஸ்டாக்ஹோமில் அழைத்தார்கள். இந்தியாவின் பெரிய விருது எதுவும் வராமலே 1985-ல் காலமானார். கரண்ட் சயின்ஸ் இதழ் அவருக்குச் சிறப்பிதழ் போட்டது 1990-ல்.