சூரியன் எழுதிய கருப்புக் கோடுகள்

சூரிய ஒளியை முப்பட்டகக் கண்ணாடி வழியே செலுத்தினால் ஏழு வண்ணங்களாகப் பிரியும் என்று படித்திருப்பீர்கள். அந்த வண்ணங்களுக்கு நடுவே மயிரிழை போன்ற கருப்புக் கோடுகளும் நூற்றுக்கணக்கில் ஒளிந்திருக்கின்றன. அவற்றை எண்ணி, அளந்து எழுதி வைத்தவர் ஜோசப் பிரான்ஹோபர். அவருடைய கதையைக் கேளுங்கள்.

ஜெர்மனியின் பவேரியா பகுதியில், ஸ்ட்ராபிங் என்ற ஊரில் 1787 மார்ச் 6-ஆம் தேதி ஜோசப் பிறந்தார். தந்தை கண்ணாடித் தொழிலாளி. 11 வயதிலேயே தாய், தந்தை இருவரையும் இழந்துவிட்டார். மியூனிக் நகரில் ஒரு கண்ணாடிப் பட்டறையில் வேலை பழகச் சேர்த்துவிட்டார்கள். சம்பளம் கிடையாது. படிக்க வேண்டும் என்று கொள்ளை ஆசை. ஆனால் முதலாளி அனுமதிக்கவில்லை.

1801 ஜூலை 21-ஆம் தேதி முதலாளியின் வீடு திடீரென இடிந்து விழுந்தது. முதலாளியின் மனைவி இறந்துபோனார். 14 வயது ஜோசப் இடிபாடுகளுக்குள் சிக்கிக்கொண்டார். பல மணி நேரம் போராடி அவரை உயிரோடு மீட்டார்கள். அங்கே வந்திருந்த பவேரியாவின் ஆட்சியாளர் மேக்ஸிமிலியன் ஜோசப், சிறுவனுக்கு 18 பொற்காசுகள் கொடுத்தார். உட்ஷ்னைடர் என்ற பெரியவர் புத்தகங்கள் கொடுத்து உதவினார். ஜோசப் அந்தப் பணத்தை வீணாக்கவில்லை. கண்ணாடி தேய்க்கும் இயந்திரம் ஒன்றை வாங்கினார். தாமாகவே கணிதமும் ஒளியியலும் கற்றார்.

1806-இல் உட்ஷ்னைடரின் நிறுவனத்திலேயே வேலை கிடைத்தது. தொலைநோக்கிக்குக் குறையில்லாத வில்லைகள் செய்ய வேண்டும். கண்ணாடி ஒவ்வொரு நிறத்தையும் எவ்வளவு வளைக்கிறது என்று துல்லியமாக அளந்தால்தான் அது முடியும். ஆனால் ஒரு நிறம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லையே!

விளக்கின் ஒளியில் பளிச்சென்று ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சூரிய ஒளியிலும் அது உண்டா என்று 1814-இல் தேடினார். மெல்லிய பிளவு வழியே ஒளியை விட்டு, முப்பட்டகத்தில் பிரித்து, தொலைநோக்கியால் பார்த்தார். ஒளிக்கோடு தெரிய வேண்டிய இடத்தில் கருப்புக் கோடு இருந்தது! இங்கிலாந்தின் வொல்லாஸ்டன் 1802-இலேயே இத்தகைய கோடுகள் சிலவற்றைக் கண்டிருந்தார். பிரான்ஹோபரோ 574 கோடுகளை எண்ணினார். முக்கியமானவற்றுக்கு எழுத்துகளால் பெயரிட்டார். நிலவிலும் வெள்ளியிலும் அதே கோடுகள் தெரிந்தன. அவை சூரிய ஒளியைத்தானே திருப்பி அனுப்புகின்றன? சிரியஸ் விண்மீனிலோ வேறு கோடுகள் இருந்தன.

அந்தக் கோடுகள் ஏன் உண்டாகின்றன என்பது அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. 1826-இல், 39 வயதில், காசநோயால் மறைந்தார்.

விடை 1859-இல் கிடைத்தது. உப்பு போட்ட குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தால் நீலச் சுடர் மஞ்சளாவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? உப்பிலுள்ள சோடியம் செய்யும் வேலை அது. சூரியனின் வெளிப்பகுதியில் வாயுவாக இருக்கும் சோடியம் அதே மஞ்சள் ஒளியை விழுங்கிவிடுவதால் அங்கே கருப்புக் கோடு விழுகிறது என்று கிர்க்காஃப் விளக்கினார். ஒவ்வொரு தனிமத்துக்கும் கைரேகைபோல் தனித்தனிக் கோடுகள் உண்டு. அவற்றைக் கொண்டே விண்மீன்களில் என்னென்ன இருக்கின்றன என்று அறிகிறோம். அக்கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்திருப்பதைக் கொண்டே தொலைதூர விண்மீன் மண்டலங்கள் விலகிச் செல்வதையும் அறிந்தோம்.

குழந்தைகளே, சோதனையில் புரியாத ஒன்றைக் கண்டால் தவறு என்று அழித்துவிடாதீர்கள். பிரான்ஹோபரைப்போல் கவனமாக அளந்து எழுதி வையுங்கள். அதன் பொருளை நாளை நீங்களோ வேறொருவரோ கண்டுபிடிக்கலாம்!